தேன் நிறம் வராத எல்இடி போர்டு: மார்த்தாண்டத்தில் நான் ஏமாந்த கதை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் எனக்கு ஒரு சின்னக் கடை. தேன், நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி விற்கிறேன். பாலம் வந்த நாளிலிருந்து கடை முகப்பு பகலிலேயே மங்கிக் கிடக்கிறது, பிளெக்ஸ் வைத்தால் எடுபடுவதில்லை. ஓணத்துக்கான அத்தம் தொடங்கிவிட்டால் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி வருகிற ஆட்கள் சிப்ஸ் வாங்க இங்கே இறங்குவார்கள். அதற்குள் ஒரு எல்இடி போர்டு போட்டுவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். அவசரம்தான் முதல் தப்பு.

நாகர்கோவிலில் போர்டு வேலை செய்கிற ஒருவர் லேப்டாப்போடு வந்தார். திரையில் ஒரு தேன் ஜாடி இருட்டிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வந்து நின்றது. அப்புறம் அப்படியே கரைந்து சிப்ஸ் படமாக மாறியது. பார்க்க அவ்வளவு அழகு. "இதே மாதிரி போர்டில் வருமா?" என்று கேட்டேன். "இதே மாதிரிதான் வரும் அண்ணே. ஃபுல் கலர், பி10, அவுட்டோர்" என்றார். பி10 என்றால் புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி. கிடைமட்டமாக 6, மேலே கீழே 3, மொத்தம் 18 மாட்யூல், அதாவது விளக்குப் பலகைத் துண்டுகள். போர்டுக்கு 46,000 ரூபாய், மெல்லத் தெளிந்து கரைகிற அந்த ஃபேட் கிராபிக்ஸ் செய்து தர 3,500. பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் தாள்தான் தந்தார். அதில் 'எல்இடி போர்டு 1' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

மாட்டிய அன்று சாயங்காலம் சுவிட்சைப் போட்டோம். ஜாடி மெல்லத் தெளியவில்லை, 'பட்'டென்று வந்தது, 'பட்'டென்று போனது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். தேனின் நிறம்தான் தாங்கவில்லை. பாதி ஜாடி எலுமிச்சை மஞ்சள், பாதி ரத்தச் சிவப்பு, நடுவில் கோடு கிழித்த மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஊறுகாய் விற்கத் தொடங்கிவிட்டீர்களா என்று கேட்டார்.

போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பதில். சாஃப்ட்வேர் அப்டேட் வேண்டும் என்றார். படம் சரியில்லை என்றார். கடைசியில் "கண்ணுக்குப் பழகிடும் அண்ணே" என்றார். இப்படியே ஓணமும் முடிந்துவிட்டது.

என் மச்சினன் மகன் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் எல்இடி வால் எனும் பெரிய திரை கட்டப் போகிற பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போர்டின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தான். "மாமா, மாட்யூல் நல்ல மாட்யூல்தான். உள்ளே இருக்கிறது செவன் கலர் கார்டு. இதுல ஃபேட் சென்மத்துக்கும் வராது" என்றான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கார்டு என்பது படத்தை வாங்கி விளக்குகளை இயக்குகிற சின்னச் சர்க்யூட் பலகை. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். விலை குறைந்த கார்டு ஒவ்வொரு விளக்கையும் எரிய விடும், அல்லது அணைக்கும், அவ்வளவுதான். மூன்று விளக்கு, இரண்டு நிலை என்றால் 8 சேர்க்கை. எல்லாம் அணைந்த கறுப்பைக் கழித்தால் 7 நிறம். தேன் நிறத்துக்குச் சிவப்பு முழுதாகவும் பச்சை ஏறக்குறையப் பாதியாகவும் எரிய வேண்டும். அந்தப் 'பாதி' இந்தக் கார்டில் கிடையாது. பச்சை முழுதாக எரிந்தால் மஞ்சள், அணைந்தால் சிவப்பு. ஃபேட் என்பதே பாதி, கால், அரைக்கால் என்று வெளிச்சத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்குவதுதானே! படியே இல்லாத ஏணியில் எப்படி இறங்குவது?

நல்ல கார்டில் ஒவ்வொரு விளக்குக்கும் குறைந்தது 256 படி உண்டு. விளக்கை நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து எரியவிட்டு, எரிகிற நேரத்தைக் கூட்டிக் குறைத்து அந்தப் படிகளை உண்டாக்குகிறார்கள்.

அப்படியானால் லேப்டாப்பில் மட்டும் எப்படி அழகாகத் தெரிந்தது? போர்டு மென்பொருளின் பிரிவியூவை, அதாவது முன்னோட்டத்தை, காட்டுவது லேப்டாப் திரை. அந்தத் திரைக்கு எல்லாப் படியும் உண்டு. போர்டில் என்ன வரும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. மென்பொருளில் என் கார்டின் மாடலைத் தேர்ந்தெடுத்ததும் எஃபெக்ட் பட்டியலில் ஃபேட் என்ற பெயரே இல்லை. பையன் அதை எனக்குத் திறந்து காட்டினான். அன்று அவர் வேறு மாடலை வைத்து டெமோ காட்டியிருக்க வேண்டும்.

இதைச் சொல்லிச் சண்டை போட்டபோது அவர் சொன்ன பதில்தான் உச்சம்: "நீங்க ஃபுல் கலர் மாட்யூல்தானே கேட்டீங்க? மாட்யூல் ஃபுல் கலர்தானே?" பொய் என்று சொல்ல முடியாது. கார்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

போர்டு வாங்கப் போகிறவர்கள் எஸ்டிமேட்டில் கார்டின் மாடலையும், ஒரு நிறத்துக்கு எத்தனை படி என்பதையும் எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன், இடது ஓரம் கறுப்பில் தொடங்கி வலது ஓரம் வெள்ளையில் முடிகிற ஒரு சாதாரணப் படத்தை உங்கள் போர்டிலேயே ஓடவிடச் சொல்லுங்கள். இரண்டு கட்டமாகவோ பொரிப்பொரியாகவோ தெரிந்தால் கையில் இருக்கிற பணத்தை விடாதீர்கள்.

4,800 ரூபாய்க்குப் புதுக் கார்டு வாங்கிப் பையனே மாட்டினான். அதன் பிறகும் அந்த 3,500 ரூபாய் கிராபிக்ஸ் உதவவில்லை. அவர் தந்தது ஜிஃப் கோப்பு. அதில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், இல்லையென்றால் முழுதாக மறையும், பாதி மறைவு என்பது அதற்குத் தெரியாது. ஜாடியின் ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக நின்றது. பையன் அதைப் பாதி மறைவும் தெரிந்த பிஎன்ஜி கோப்பாகத் திரும்பச் செய்தான். அப்புறமும் ஜாடி மறையும்போது வெகுநேரம் அப்படியே நின்று கடைசியில் சட்டென்று அணைகிற மாதிரி இருந்தது. நம் கண் மங்கலான வெளிச்சத்தில் வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடிக்குமாம். மென்பொருளில் வெளிச்சப் படிகளைக் கண்ணுக்கு ஏற்றபடி பங்கிடுகிற காமா என்ற அளவை 1-லிருந்து 2.2-க்கு ஏற்றியதும் சரியானது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் வைத்தேன். அடுத்த வாரமே 3,500 மட்டும் ஜிபேயில் வந்தது. கார்டுக்கான பணத்துக்கு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் அவர் 'ஃபேட் வரும் அண்ணே' என்று அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் இருக்கிறது. பழைய கார்டு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போர்டு எடுக்கப் போகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.