கப்பல் முதலாளி ஏற்றிய பாய்: ஜெனோவா, 150 வேண்டுமா 135 போதுமா?

பாய்மரப் படகில், மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பிக்கும் பாய்மரத்துக்கும் நடுவே உள்ள முக்கோணத்தில் அடங்காமல், மரத்தைத் தாண்டிப் பின்னால் போகும் முன்பாய்தான் ஜெனோவா. 1926-இல் இத்தாலியின் ஜெனோவாவில் நடந்த பந்தயத்தில் ஸ்வீடன்காரர் ஸ்வென் சாலேன் இதை ஏற்றினார். ஊர்ப்பெயர் பாய்க்கு ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தொழில் கப்பல். குளிர்பதனச் சரக்குக் கப்பல்களால் பேரெடுத்த நிறுவனம் அவருடையது. பாயோட்டம் காசு வராத ஆசை. அதிலும் 1936 ஒலிம்பிக்கில், கீல் நகரில், ஆறு மீட்டர் வகுப்பில் வெண்கலம் வாங்கினார். அதே படகில் மனைவி டாக்மாரும் இருந்தார். பந்தய விதி அளந்தது முக்கோணத்தை, துணியை அல்ல; மரத்தைத் தாண்டிய துணி கணக்கில் வராது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் அது படாமல் போகுமா?

வாங்கும்போது சதவீதத்தைப் பாருங்கள். பாயின் பின்மூலையிலிருந்து முன்விளிம்புக்குச் செங்குத்தாக அளந்து, அதை முன்கம்பியின் அடிக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது. அந்தத் தூரம் 3.5 மீட்டர் என்றால் 150 சதவீதப் பாய்க்குச் செங்குத்து அளவு 5.25 மீட்டர். மெல்லிய காற்றில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் இவ்வளவு துணியும் மரத்தைச் சுற்றி இழுபட வேண்டும். பாயின் பின்மூலையை இழுக்கும் ஷீட் கயிற்றைக் காற்று நிரம்பும் முன் கையால் இழுத்துவிடாவிட்டால் மீதியை வின்ச்சில் (கைப்பிடியால் சுற்றிக் கயிறிழுக்கும் உருளையில்) சுற்றியே தோள் கழன்றுவிடும். பாய் மறைப்பதால் காற்று போகும் பக்கத்தில் வரும் படகும் தெரியாது. இரண்டு பேர் மட்டும் போகும் உலாப்படகுக்கு 135 போதும். 150 வாங்குவது பெரும்பாலும் வீம்பு.

காற்று பலத்தால் முன்கம்பியைச் சுற்றிச் சுருட்டிச் சிறிதாக்கலாம் என்பதை நம்பிப் பெரிய பாயை வாங்குகிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் நடுவில் பை விழுந்து, படகு சாயுமே தவிர காற்றை எதிர்த்து ஏறாது. முன்விளிம்பில் நுரைப்பட்டை தைத்த பாய் ஓரளவு தாங்கும். சுருட்டியதும் ஷீட் கயிறு பாயை இரண்டு மூன்று சுற்று கட்டி நிற்கும் அளவுக்கு, பாயைச் சுருட்டும் உருளையில் அதை இழுக்கும் கயிறு இருக்க வேண்டும். இல்லையென்றால் பலத்த காற்றில் தானாக அவிழும்.

ஷீட் கயிறு போகும் கப்பியின் இடம் சரியா என்று பாயில் ஒட்டிய நூல்கள் சொல்லும். படகைக் காற்று வரும் திசைக்கு மெல்லத் திருப்பும்போது காற்றுப்பக்க மேல்நூல் முதலில் துடித்தால் கப்பியை முன்னே தள்ளுங்கள். கீழ்நூல் துடித்தால் பின்னே. பாதி சுருட்டியிருந்தால் எப்படியும் முன்னே நகர்த்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பாய் கிழிவது பெரும்பாலும் ஸ்பிரெடர் (மரத்தின் பக்கவாட்டில் நீளும் குறுக்குக் கம்பு) முனை இடிக்கும் இடத்தில்; ஷீட்டை அளவுக்கு மீறி இறுக்குவதே காரணம். அங்கே ஒட்டுத்துணி வையுங்கள். பழைய பாய் வாங்கினால் சுருட்டிய பாயை வெளியே மூடி நிற்கும் வெயில் காப்புப் பட்டையின் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். துணிக்கு முன்னால் நூல்தான் மக்கும். உங்கள் உருளை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் பாருங்கள். மாறிச் சுற்றினால் பட்டை உள்ளே போய்விடும், வெயில் பாயைத் தின்றுவிடும்.