"நம்ம ஆளுங்க வீடுதாம்மா" என்று சொல்லி வாங்கிய 7,800 வெள்ளி

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்வு முடித்த பெண்பிள்ளை இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ஐரோப்பாவில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பிள்ளை பார்த்துக்கொண்டே மொழி கற்கும் 'ஓ பேர்' ஆக அனுப்புகிறோம் என்று சொல்லி என் தங்கையிடம் 7,800 வெள்ளி வாங்கிவிட்டார்கள். தங்கையிடம் என்பதைவிட என்னிடம் என்று சொல்வதுதான் சரி. பணம் அனுப்பியது என் கைப்பேசியிலிருந்து, கையெழுத்துப் போட்டதும் நான்தான். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அதை அவர்களே மாற்றிக்கொண்டு விட்டார்கள்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனென்றால் அவர்கள் கை வைத்ததே அங்கேதான்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஆயா. விடியற்காலை பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னாலேயே பெண்கள் சாரோங்கில் சுற்றிய பிள்ளைகளைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். இருபது இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே ஆள் பாட்டி. அம்மா அந்தக் கொட்டகைத் தூளியில் வளர்ந்தவர். அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், நாங்கள் தாமானுக்கு வந்தோம். அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போக, தம்பியை வளர்த்தது தங்கைதான். நான் பாலர் பள்ளி ஆசிரியை. ஆக, பிள்ளை பார்ப்பது எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே உள்ள தொழில்.

ஆகவே தங்கை முதன்முதலில் ஓ பேர் என்று வாயெடுத்ததும் அம்மா கேட்டது: "வெள்ளைக்காரன் வீட்டுல ஆயா வேலையா? அதுக்கா உன்னை எஸ்டிபிஎம் வரைக்கும் படிக்க வச்சேன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தார் அந்த நிறுவனத்து மேடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் விளக்கக் கூட்டம். மைலோவும் கறிபாப்பும் கொடுத்தார்கள். மேடம் நல்ல தமிழில் பேசினார். பிரெஞ்சில் ஓ பேர் என்றால் 'சமமாக' என்று பொருள், வேலைக்காரி இல்லை, வீட்டுப் பெண் மாதிரி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். அது பொய் இல்லை, அதுதான் இதில் சிக்கல். அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே அதுதான் பொருள். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் வீட்டுப் பெண்கள் பிரெஞ்சு பேசும் பகுதிக்குப் போய் ஒரு வருடம் ஒரு குடும்பத்தோடு இருந்து மொழி கற்றுவரும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1969-இல் ஐரோப்பிய மன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டது. ஓ பேர் என்பவர் மாணவியும் இல்லை, தொழிலாளியும் இல்லை, தனி வகை என்று அதில் வைத்தார்கள். ஆனால் அது வசதியில் ஏறத்தாழ ஒத்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் உருவான பழக்கம். இன்று போகிறவர்கள் பலர் ஜார்ஜியா, கொலம்பியா, மடகாஸ்கர் என்று எங்கிருந்தெல்லாமோ போகிறார்கள். பாக்கெட் பணத்தையும் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப நினைக்கிற வீடுகளின் பெண்கள் அதில் இருக்கிறார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். சமம் என்ற சொல் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

மேடம் அதற்கும் வழி வைத்திருந்தார். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெள்ளைக்காரன் வீடு வேணாம்மா. ஜெர்மனியில நம்ம தமிழாளுங்க வீட்டுலயே போட்டுத் தர்றேன். சாமி கும்பிடுவாங்க, தோசை சுடுவாங்க, பொண்ணு பத்திரமா இருக்கும்" என்றார். கைப்பேசியை எடுத்து ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தைக் காட்டினார். 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில், இலங்கைத் தமிழர்கள் கட்டியது. அம்மா கைப்பேசித் திரையைப் பார்த்தே கும்பிட்டார். அன்றைக்கே 300 வெள்ளி பதிவுக் கட்டணம் போயிற்று.

பிறகு மொழி வகுப்பு 3,000. குடும்பம் தேடித் தரவும் விசாவுக்கும் 4,500. அம்மா மாதாமாதம் கட்டும் கூட்டுச் சீட்டுப் பணத்தை முன்னாலேயே எடுத்தார், 4,500. என் ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பின் மூன்றாம் கணக்கிலிருந்து 1,800. மிச்சம் 1,500 என் சேமிப்பு. பணம் போட்ட கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. கேட்டேன். "கம்பெனி கணக்கு மாத்திட்டு இருக்கோம் சிஸ்" என்றார்கள். சரி என்று அனுப்பிவிட்டேன். பாலர் பள்ளியில் ஐம்பது வெள்ளி கட்டணத்துக்குக்கூட ரசீது எழுதிக் கொடுக்கிறவள் நான்.

தங்கைக்கு, மாதம் 1,200 யூரோ கிடைக்கும் என்று அவர்கள் சொன்னது, விமானத்தில் போவது எல்லாம் இரண்டாம்பட்சம். அவளைப் பிடித்தது ஒப்பந்தத் தாளில் இருந்த ஒரே வரி: சன்னல் உள்ள தனி அறை. இருபத்திரண்டு வயது வரை அவள் தனியாக ஓர் அறையில் படுத்ததில்லை. வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த அறையைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். கட்டில், மேசை, சன்னலுக்குக் கீழே ஒரு பூச்சட்டி. கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போட்டிருந்தாள்.

வகுப்பு ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில். எட்டு வாரத்தில் ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 சான்றிதழ் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் உறை போட்டு, பொன் நிற முத்திரையோடு. குடும்பத்தோடு வீடியோ அழைப்பும் நடந்தது, ஏழு நிமிடம். அந்த அம்மா பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. "சமைக்கத் தெரியுமா, கடையில கூடமாட நிப்பீங்களா" என்றார். நம்ம ஆள் தானே, வீட்டில் ஒத்தாசைக்குக் கேட்கிறார் என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

கோலாலம்பூரில் ஜெர்மன் தூதரக நேர்காணலுக்கு விடியற்காலை பஸ் ஏறினோம். விசாக் கட்டணம் 75 யூரோவை மறுபடியும் நாங்களேதான் கட்டினோம், அது தனிக்கதை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி ஜெர்மனில் கேட்டார், அந்த வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது என்று. தங்கைக்கு "இஹ் ஹைஸெ" என்று தன் பெயரைச் சொல்லத்தான் தெரிந்தது. பிறகு ஆங்கிலத்தில், வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையாக, "தமிழ்" என்றாள்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்த அதே சொல் விசாவைக் கெடுத்தது. ஜெர்மனியில் ஓ பேர் போவதே ஜெர்மன் கற்பதற்குத்தான். அந்த வீட்டின் தாய்மொழி ஜெர்மனாக இருக்கவேண்டும். தாய்மொழி இல்லாமல் வீட்டுப் பேச்சுமொழியாக மட்டும் ஜெர்மன் இருந்தால், அந்தக் குடும்பம் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அதே நாட்டுப் பெண் அங்கே ஓ பேர் ஆகப் போக முடியாது. தமிழே பேசுகிற வீடு என்றால் பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சான்றிதழும் செல்லாது. கோதே நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் தேர்வு எழுதி வாங்கியது மட்டும்தான் செல்லும், மாடிவீட்டு முத்திரை செல்லாது.

விசா மறுக்கப்பட்டது. மேடத்தைக் கூப்பிட்டேன். பதற்றமே இல்லை. "விசாவே வேணாம் சிஸ், மலேசியா கடப்பிதழுக்கு 90 நாள் சும்மா போகலாம். அங்க போய் மாத்திக்கலாம். டிக்கெட்டுக்கு 3,200 போடுங்க." இந்த இடத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது, தாமதமாக. 90 நாள் போகலாம் என்பது உண்மை, ஆனால் சுற்றிப் பார்க்கத்தான். ஓ பேர் விசாவை மலேசியர் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகவேண்டும். எங்கள் வகுப்பில் படித்த இன்னொரு பெண் அப்படியே போய்விட்டாள். பதினோரு வாரம் ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தாள். கையில் காசு இல்லை, வெளியே சொல்ல வாயும் இல்லை. ஊரில் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான். அவள் வீட்டில் அவள் கோர்ஸ் படிக்கப் போனாள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதிரி நிறுவனங்களுக்கு நம் வாய்மூடித்தனத்தைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

அப்புறம்தான் நான் உட்கார்ந்து படித்தேன். முன்னாலேயே படித்திருக்கவேண்டியது. ஜெர்மனியில் ஓ பேர் ஆகப் போக 18 வயது நிறைந்திருக்கவேண்டும், விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக்கூடாது. நாளுக்கு அதிகபட்சம் 6 மணி நேரம், வாரத்துக்கு 30. அதிகபட்சம் ஒரு வருடம். பாக்கெட் பணம் மாதம் 280 யூரோ, நம் காசுக்கு 1,300 வெள்ளிக்குச் சற்று மேல். மொழி வகுப்புக்குக் குடும்பம் மாதம் 70 யூரோ தரவேண்டும், காப்புறுதியும் அவர்கள் செலவு. 1,200 யூரோ என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். அங்குள்ள இடைத்தரகர் ஓ பேரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 150 யூரோ. நாங்கள் கொடுத்தது அதைப் போல பத்து மடங்குக்கும் மேல். அவர்கள் சுவரொட்டியில் இங்கிலாந்தும் நார்வேயும் இருந்தன. இங்கிலாந்து ஓ பேர் விசாவை 2008-இலேயே எடுத்துவிட்டது. நார்வே 2024 மார்ச்சில் திட்டத்தையே மூடிவிட்டது.

சுவரில் எஸ்எஸ்எம் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எஸ்எஸ்எம் என்பது கம்பெனி பதிவு மட்டும்தான், கறிபாப் கடைக்கும் அது உண்டு. வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர்கள் 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டப்படி மனிதவளத் துறையின் கீழ் உரிமம் வாங்கியிருக்கவேண்டும். அதைக் கேட்டதற்கு மேடம், "இது வேலை இல்லை சிஸ், பண்பாட்டுப் பரிமாற்றம்" என்றார். அதே வாயால் அம்மாவிடம் "பொண்ணுக்கு ஜெர்மனியில வேலை கிடைச்சாச்சு" என்று சொன்னவர்.

போலீஸ் புகார் கொடுத்தோம். ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைத்தால் பணம் நகர்வதற்குள் நிறுத்த முயல்வார்கள். எங்களுக்கோ மாதங்கள் ஓடிவிட்டன. பணம் போடும் முன் அது மோசடிக் கணக்கா என்று கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். ரசீது இல்லாததால் புலனச் செய்திகளையும் வங்கிப் பட்டியலையும் அச்சடித்துக்கொண்டு போனேன். அவர்கள் வரவே இல்லை. 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எனக்குச் சாதகமாகவே ஆணை வந்தது. ஆணையை எடுத்துக்கொண்டு போனால் மாடியில் பூட்டு. ஆணையை மதிக்காதது குற்றம் என்பதால் அதற்கும் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை, அம்மா மாதாமாதம் கூட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்.

தங்கை ஜெர்மனை விடவில்லை. கைப்பேசியில் தானே படிக்கிறாள், ஏ1 தேர்வுக்குக் காசு சேர்க்கிறாள். போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை வளர்க்கத் தெரிந்தவள், சமமாக நடத்துகிற ஒரு வீடு கிடைத்தால் போகட்டும்.

போன வாரம் புலனத்தில் ஒரு சுவரொட்டி வந்தது. நிறுவனத்தின் பெயர் புதிது, கோபுரப் படம் அதே, கூட்டம் நடக்கும் மண்டபமும் நம் ஊரில்தான், ஞாயிறு காலை 10 மணி. பெரிதாக்கிப் பார்த்தேன். நாடுகள் பட்டியலில் நார்வே இன்னும் இருக்கிறது.