வாய்க்காலா, பனியன் கம்பெனியா?

அரசு எதற்கு வழி செய்கிறதோ, சனம் அந்தப் பக்கம் நகரும். கொங்கு நாடு பாசனம், ஏற்றுமதி இரண்டையும் பார்த்துவிட்டது.

1955-இல் முடிந்த பவானிசாகர் அணை ஒன்று. சுமார் 200 கி.மீ. ஓடும் கீழ்பவானி வாய்க்கால் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. மழையை நம்பிக் கிடந்த மேட்டுக்காட்டில் நெல்லும் மஞ்சளும் வந்தன. குடும்பங்கள் ஊரிலேயே வேரூன்றின.

பனியன் ஏற்றுமதியை நம்பிய திருப்பூர் இன்னொன்று. 2001-இல் சுமார் ஐந்தரை லட்சமாக இருந்த நகர்த்தொகுதி மக்கள்தொகை, 2011-இல் 9.6 லட்சம். மதுரை, திண்டுக்கல், அப்புறம் பீகார், ஒடிசா என்று ஆட்கள் வந்தார்கள். கூலி கிடைத்தது. ஆனால் லைன் வீட்டில் ஒரே அறைக்குள் நாலு பேர், வாசலில் வரிசையாகக் குடங்கள், நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு. டாலருக்குத் திட்டம் போட்ட வேகத்தில் வீட்டுக்கும் தண்ணீருக்கும் போடவில்லை.

என் மனசு வாய்க்கால் பக்கம்தான். ஆனாலும் படித்த பிள்ளைகளை மஞ்சள் காடு மட்டும் பிடித்து வைக்காது. கோபி, தாராபுரம் போன்ற சிறு நகரங்களிலும் வேலை வேண்டும்.