வலியை நிறுத்த எந்த வாசல்: நேவ் 1.7-ஆ, நேவ் 1.8-ஆ, டிஆர்பிவி 1-ஆ?

மூளையை மந்தமாக்காமல் நரம்பு முனையிலேயே வலியை நிறுத்த வேண்டும். அதற்காக மருந்து நிறுவனங்கள் துரத்திய அயனிக் கால்வாய்களில், அதாவது நரம்புச் செல்லின் சுவரில் மின்னேற்றம் கொண்ட அயனிகளை உள்ளே விடும் வாசல்களில், மூன்று முக்கியமானவை: டிஆர்பிவி 1, அப்புறம் சோடியத்தை விடும் நேவ் 1.7, நேவ் 1.8. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு எது என்றால் தயங்காமல் நேவ் 1.8 என்பேன். நாள்பட்ட நரம்பு வலிக்கு அப்படிச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

டிஆர்பிவி 1 எல்லாருக்கும் பழக்கம்தான். மிளகாய் எரிவதும், சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு சுடுவதும் இதன் வழியாகத்தான். 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. இதை அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு உடல் சூடு 40 டிகிரியைத் தொட்டது, கொதிக்கிற பண்டம் பட்டாலும் உறைக்காத ஆபத்து வேறு. அடைத்தபோது தோற்றது, ஒரேயடியாகத் திறந்துவிட்டபோது பலித்தது: 8 சதவீத காப்சைசின் பிளாஸ்திரியை ஒரு மணி நேரம் ஒட்டினால் அந்த இடத்து நரம்பு முனைகள் வாடி, அக்கி ஆறிய பிறகும் விடாத எரிச்சல் மூன்று மாதம்வரை தணியலாம். ஒட்டும்போது நன்றாகவே எரியும்.

மரபணுச் சாட்சியில் நேவ் 1.7-ஐ அடிக்க ஆளில்லை. லாகூர்த் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்புக் கங்கில் நடப்பான், வலிக்காது; ஆய்வாளர்கள் பார்ப்பதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவுக் குடும்பங்களில் இந்தக் கால்வாயே வேலை செய்யவில்லை என்று 2006-ல் தெரிந்தது. உடனே எல்லாரும் இதன் பின்னால் ஓடினார்கள். ஆனால் இதை அடைக்கும் ஃபைசர் நிறுவனத்தின் மருந்து சர்க்கரை நோய் நரம்பு வலியில் போதிய பலன் தரவில்லை. பிறவியிலேயே இது இல்லாதவர்களுக்கு உடம்பின் சொந்த ஓபியாய்டுகளும் (அபினைப் போல் வலியைத் தணிப்பவை) கைகொடுக்கின்றன; அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஓபியாய்டுகளைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைச் செலுத்தியதும் வலி தெரிந்தது. மாத்திரை அந்த நிலையை அப்படியே உண்டாக்கிவிடாது.

நேவ் 1.8-க்கு இப்படிக் கதை எதுவும் இல்லை. நேவ் 1.7 சின்னத் தூண்டலைப் பெரிதாக்கிக் கொடுக்க, அப்புறம் வலி நரம்பில் எழும் மின்துடிப்பின் பெரும்பங்குச் சோடியத்தை உள்ளே விடுவது இதுதான். மற்ற சோடியக் கால்வாய்கள் முடங்கும் கடுங்குளிரிலும் இது ஓயாது, ஐஸில் கைவைத்தால் வலிப்பது அதனால்தான். முக்கியமாக, இது பெரும்பாலும் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள புற நரம்புகளிலேயே இருக்கிறது, எனவே அடிமையாகிவிடும் பயம் குறைவு. 2025 ஜனவரியில், நேவ் 1.8-ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. பாத எலும்பு, வயிற்றுத்தோல் அறுவை சிகிச்சைகளுக்குப் பின், ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத போலி மாத்திரையை ஜெயித்தது, ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டைத் தாண்டவில்லை. ஓபியாய்டு இல்லாமல் இவ்வளவு கிடைத்ததே எனக்குப் பெரிது. விலைதான் உறுத்துகிறது, 2025-ல் வெளிவந்தபோது ஒரு மாத்திரை 15.50 டாலர். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியிலோ, போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்கு இதே மருந்தைப் பெரிய அளவில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அங்கே போலி மாத்திரையைத் தெளிவாகத் தாண்டினால் நாள்பட்ட வலிக்கும் இதையே சொல்வேன்.