முதலில் வண்டி ஓடட்டும், அப்புறம் வெட்டலாம்: டர்பனில் ஒரு கஃபே ரேசர் பட்டறை

பழைய பைக்கை கஃபே ரேசராக, அதாவது ஹேண்டிலைத் தாழ்த்தி, தேவையில்லாததைக் கழற்றிய வேக வண்டியாக மாற்ற, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அம்கேனி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், டயர் கடைக்குப் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிளும் கேட்டுக்கொண்டார், கையில் இருக்கிற வேலைக்கே நேரம் போதவில்லையாம். நேரில் கேட்டால் வழி சொல்கிறேன். என் வண்டிக்கு அவர்கள் என்ன செய்தார்கள், எது பிடித்தது, எதில் குறை என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அங்கிளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கரும்பு வெட்ட நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த குடும்பம். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு எல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் உள்ளே போனதும் "வா தம்பி, சாப்பிட்டியா?" என்பார். இந்த ஊர் வழக்கப்படி நானும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறேன். வெல்டிங்கும் லேத்தும் மகன் கையில், எஞ்சின் அவர் கையில்.

வண்டி 1978 மாடல் யமஹா எக்ஸ்எஸ் 650. 653 சிசி, இரட்டை சிலிண்டர், இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பார்வைக்குப் பழைய டிரையம்ப், பிஎஸ்ஏ வண்டிகளைப் போலவே இருக்கும். ஆனால் கிராங்க்கேஸ் கிடைமட்டமாகப் பிரிவதால் அந்த வண்டிகளின் ஆயில் ஒழுகல் தொல்லை இதில் இல்லை. மேலே ஓவர்ஹெட் கேம், பக்கத்தில் கிக்கர். 1985 வரை செய்தார்கள், அதனால் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கஃபே ரேசர் கட்டுகிறவர்களுக்கு இந்த எஞ்சின்மேல் ஒரு கண் இருப்பதில் ஆச்சரியமில்லை.

கஃபே ரேசர் என்பது லண்டன் பையன்கள் தொடங்கிவைத்த பழக்கம். நார்த் சர்க்குலர் ரோட்டில் 1938-இல் திறந்த ஏஸ் கஃபே போரில் குண்டு விழுந்து போய், 1949-இல் திரும்பக் கட்டப்பட்டது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே கூடியவர்களுக்கு மணிக்கு நூறு மைலைத் தொடுவதுதான் லட்சியம், நம் கணக்கில் 160 கிலோமீட்டர். அதற்காகத் தேவையில்லாததைக் கழற்றினார்கள், ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், கால் மிதியைப் பின்னால் தள்ளினார்கள். நார்ட்டன் ஃபிரேமில் டிரையம்ப் எஞ்சினை ஏற்றி டிரைட்டன் என்று பெயர் வைத்தார்கள். செய்தது எல்லாமே வண்டி வேகமாகவும் ஒழுங்காகவும் ஓடுவதற்காக. இதை மறந்துவிட்டு, தோற்றத்துக்காக மட்டும் வெட்டித் தருகிற இடங்கள் இன்று நிறைய. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர் அப்படி ஓரிடத்தில் கொடுத்து வாங்கிய வண்டி படம் எடுக்க அருமையாக இருக்கிறது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது.

அங்கிளிடம் எனக்குப் பிடித்த முதல் விஷயம், அவர் எடுத்த எடுப்பிலேயே கிரைண்டரைத் தொட மாட்டார். முதலில் வண்டி கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே ஒழுங்காக ஓட வேண்டும், அப்புறம்தான் வெட்டு. கம்ப்ரஷன் பார்த்தார், வால்வு இடைவெளி வைத்தார், கேம் செயின் டென்ஷனரைச் சரிசெய்தார். ஆயிலை வடித்துவிட்டு அடியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கம்பி வலை ஓரமாகக் கிழிந்து விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. எக்ஸ்எஸ் 650 வைத்திருக்கிறவர்களுக்கு இது பழகிய நோய். வலை கிழிந்தால் ஆயில் வடிகட்டாமலே மேலே போகும், சத்தம் எதுவும் வராது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதில் வெண்கலப் புஷ், ஹேண்டில் கழுத்தில் தனித்தனி குண்டுகளுக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங். இவை எதுவும் வெளியே தெரியாது, ஆனால் செலவில் கணிசமான பங்கு இதற்குத்தான் போனது. நான் மனமாரக் கொடுத்தேன்.

கார்புரேட்டர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கஃபே ரேசர்கள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். கஃபே ரேசர் என்றதும் எல்லோருக்கும் சீட்டுக்குக் கீழே முக்கோணமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அதற்காக, காற்றை வடிகட்டித் தரும் ஏர் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, கார்புரேட்டர் வாயில் கூம்பு ஃபில்டரைச் செருகுவார்கள். இந்த வண்டியில் இருப்பது மிக்குனி சிவி கார்புரேட்டர், 38 மில்லிமீட்டர். காற்று வழியைத் திறக்கும் இதன் ஸ்லைடை ஆக்சிலரேட்டர் கம்பி நேராகத் தூக்குவதில்லை. மேலே ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது, காற்றழுத்த வித்தியாசம்தான் அதைத் தூக்குகிறது. வெளிக்காற்று டயஃப்ரத்துக்குப் போகும் சின்னத் துளைகள் கார்புரேட்டர் வாயின் விளிம்பிலேயே இருக்கின்றன. அங்கிள் டார்ச் அடித்து ஒரு மலிவு ஃபில்டரை வாயில் வைத்துக் காட்டினார். அதன் ரப்பர் உதடு அந்தத் துளைகளின்மேல் அப்படியே உட்கார்ந்து மூடிவிட்டது. பிறகு எத்தனை ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னத் திருகு) மாற்றினாலும் நடு ஓட்டத்தில் வண்டி திணறத்தான் செய்யும். உதடு இல்லாத, உள்பக்கம் அகலமான ஃபில்டரை வரவழைத்து, அதன் பிறகுதான் ஜெட்டில் கை வைத்தார்.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. இந்த வண்டி முன்பு ஜோஹன்னஸ்பர்க்கில் ஓடியது. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்று மெல்லியது, அதனால் பெட்ரோலும் குறைவாகப் போதும், முன்பு வைத்திருந்தவர் சிறிய மெயின் ஜெட் போட்டிருந்தார். அதே வண்டி மலையிறங்கி டர்பன் வந்தால், கடற்கரைக் காற்றின் அடர்த்திக்கு அந்த ஜெட் பத்தாது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும், போகப் போக பிஸ்டனுக்கே ஆபத்து. அதற்குமேல் திறந்த ஃபில்டரும் சேர்ந்தால் இன்னும் மெலியும். அங்கிள் ஜெட்டைப் படிப்படியாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் ஆளில்லாத நேரான ரோட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தால் மெலிவு, கரியாக இருந்தால் அதிகம். பாலில் டிகாக்ஷன் கலந்த நிறம் வரும்வரை அவர் விடவில்லை. ஹைவெல்ட் பக்கம், அதாவது ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலத்தில், யாராவது வண்டி வாங்கிக் கடற்கரைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால் தயவுசெய்து முதல் வேலையாக ஜெட்டைப் பாருங்கள்.

வயரிங்கை நான் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவன் இல்லை. துறைமுகத்தில் கிரேன் மின்பராமரிப்புதான் என் பிழைப்பு, முன்பு தூத்துக்குடியிலும் அதே வேலைதான். கடலோர உப்புக்காற்று ஒரு மட்டமான இணைப்பை என்ன பாடு படுத்தும் என்று தினமும் பார்க்கிறேன். பழைய வண்டியில் தேவையில்லாத வயரை வெட்டி, மிச்சத்தை டேப் சுற்றி டேங்குக்குக் கீழே திணித்துவிடுவது வழக்கம். இங்கே மகன் உட்கார்ந்து புதிதாகவே ஒரு ஹார்னஸ், அதாவது மொத்த வயர்க் கட்டு, கட்டினார். யமஹாவின் நிறக் கணக்கை மாற்றவில்லை. பேட்டரியிலிருந்து வருவது சிவப்பு, சாவி திருப்பினால் உயிர் வருவது பிரவுன், எர்த் கறுப்பு. நாளைக்கு வேறொரு மெக்கானிக் திறந்தாலும் குழப்பம் வராது. ஃபியூஸை விளக்குக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று எனப் பிரித்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்த ஃபிரேமை நம்பாமல் எஞ்சினுக்கே தனி எர்த் வயர். ஒவ்வொரு முனையும் ஒழுங்காகக் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஸ்லீவை சூடுகாட்டிச் சுருக்கியிருக்கிறது. நான் இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் கழன்று வரவில்லை.

சார்ஜிங்கையும் கவனித்தார்கள். இந்த மாடலில் ரோட்டர் ஒரு மின்காந்தம், கார்பன் பிரஷ் வழியாக அதற்குக் கரண்ட் போகிறது. பிரஷ் தேய்ந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், காரணம் தெரியாமல் ஆட்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புதுப் பிரஷ், புது ரெகுலேட்டர். ஸ்பார்க் நேரத்தைக் கொடுக்கும் பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். செல்ஃப் ஸ்டார்ட்டர் போய்விட்டது, கிக்கர் மட்டும்தான். சின்ன பேட்டரி சீட்டுக் கூம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஃபிரேம் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நன்றாகச் செய்திருப்பதால் சொல்வதற்கு அதிகமில்லை. பின்பக்கக் குழாய்களை வெட்டி, அதே விட்டத்தில் வளைத்த ஒரு வளையத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சும்மா முட்டுக்கு முட்டு ஒட்டவில்லை, உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் செருகி அதன்மேல் டிக் வெல்டிங். அதிர்வு அதிகமுள்ள எஞ்சினுக்கு இது அவசியம். ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்தை அவர்கள் தொடவில்லை.

ஹேண்டிலில் மட்டும் எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. ஃபோர்க் குழாயிலேயே நேராகப் பிடிக்கும் கிளிப்-ஆன் ஹேண்டிலை மேல் யோக்குக்கு (ஃபோர்க்கின் மேல்முனையைப் பிடிக்கும் தட்டு) கீழே, முடிந்த அளவு தாழ்வாக வேண்டும் என்றேன். "உன் மணிக்கட்டைக் கேட்டுட்டுச் சொல்லு தம்பி" என்றார் அங்கிள். கடைசியில் யோக்குக்கு மேலே வைத்தோம். முழுதாகத் திருப்பினால் டேங்கில் இடிக்காதபடி ஸ்டாப்பரையும் மகன் செய்து கொடுத்தார். முன் பிரேக்கின் பழைய ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டிருக்கிறார்கள். லீவரில் முன்பிருந்த பஞ்சுத்தனம் இப்போது இல்லை. பழைய பாணி சதுரப் பட்டை டயர் வேண்டாம், ஈர ரோட்டில் நம்ப முடியாது என்று அவர் மறுத்தபோது நான் வாதாடவில்லை. டர்பனின் கோடை மழையில் அம்கேனி ரோட்டில் ஓட்டியவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

ஓட்டிப் பார்த்தது ஹில்க்ரெஸ்டுக்கு மேலே பழைய மெயின் ரோட்டில், போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இஞ்சங்கா வழியாக. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிற அதே ரோடு. ஒரு பக்கம் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும், ஆனால் வளைவுகள் கண்ணை ரோட்டிலேயே பிடித்து வைக்கும். மூன்றாவது கியரில் வளைவிலிருந்து வெளியே வரும்போது இந்த எஞ்சினின் இழுப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவும். திணறல் எங்கும் இல்லை. ரியர்செட் மிதியில் கால் பின்னால் போனதும் உடம்பு தானாகவே டேங்கின்மேல் சாய்கிறது, முழங்கால் டேங்கின் பள்ளத்தில் பொருந்துகிறது. மேடேறி நிறுத்தி, சூட்டோடு சூடாக மறுபடி உதைத்தேன், ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

குறைகள் உண்டு. சீட்டின் ஃபோம் மிக மெல்லியது. இஞ்சங்காவுக்கு அப்புறம் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். தோற்றம் கெடக்கூடாது என்று மகன் பிடிவாதமாகக் குறைத்துவிட்டார், நான் வேறிடத்தில் தடித்த ஃபோம் வைத்துத் தைக்கப் போகிறேன். வேகம் கூடினால் கைப்பிடியில் அதிர்வு வரும். இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறியிறங்கும் எஞ்சினில் அது கூடவே பிறந்தது, ஹேண்டில் முனையில் எடை வைத்ததில் பாதிதான் குறைந்தது. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறாதபடி கிராங்கை 277 டிகிரிக்கு மாற்றி அமைத்தால் குறையும் என்பது உண்மை, ஆனால் அதற்கு ஆகும் செலவைச் சொன்னதும் நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

பெரிய குறை நேரம். சொன்ன தேதியில் வண்டி வராது. லோட் ஷெட்டிங் வந்தால் லேத்தும் வெல்டிங்கும் நிற்கும், வெளிநாட்டிலிருந்து பாகம் வரத் தாமதமாகும், ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் பட்டறையே பூட்டு. இவை எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாமதம் என்று ஒரு போன் செய்து சொல்லலாமே. நாமாகப் போய்க் கேட்டால்தான் விஷயம் தெரியும். கணக்கும் அப்படித்தான். மொத்தத் தொகையை வாயால் சொல்வார், பாகம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துக் கேட்டால்தான் எழுதித் தருவார். எழுதித் தந்தது ஒரு ராண்ட் பிசகாமல் சரியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொத்தத்தில், வண்டி வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் ஆனது. பாதி விலைக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சல்லடையையும் புஷ்ஷையும் ஹார்னஸையும் விட்டுவிட்டால் பாதி விலைக்கு முடியத்தான் செய்யும்.

போகிறவர்கள் பதிவுத்தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கிள் வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஃபிரேம் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் துடைத்துத் தாளோடு ஒப்பிடுவார், பொருந்தவில்லை என்றால் தொடவே மாட்டார். வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால் ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையும் காத்திருக்கிறது, அதனால் இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி எதையும் கழற்றச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை காலையில் போவது நல்லது, அன்றைக்குத்தான் அப்பாவும் மகனும் சேர்ந்து இருப்பார்கள். மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும்.