ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவிகளுடன் சில ஆண்டுகள்: சத்துவாச்சாரி – ராணிப்பேட்டை சாலையில் பயன்பாட்டு அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு நாள்தோறும் காரில் சென்று திரும்புகிறேன். வேலை நிமித்தமாக அழைப்புகள் ஓயாமல் வரும் என்பதால் கைபேசியைக் கையில் பிடிக்காமல் பயன்படுத்த உதவும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவிகளான டாஷ்போர்டு ஹோல்டர், ஏசி துவாரத்தில் மாட்டும் கிளிப், காரின் புளூடூத், கைபேசிச் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகிய எல்லாவற்றையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவிட்டேன். இவற்றுள் எது உண்மையில் ஓட்டுநரின் கவனத்தைக் காக்கிறது என்பதை எழுதுவதே என் நோக்கம்.

கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுப் பிடிப்பு ஹோல்டர் வேலூர் வெயிலுக்கு ஏற்றதன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அதன் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. ஓடும் வண்டியில் அது விழுந்தால் கை தானாகவே கீழே போகும். மேலும், நேரடி வெயிலில் சூடேறிய கைபேசியின் திரை மங்கி, வழிகாட்டும் வரைபடமே தெரியாமல் போகிறது. ஏசி துவாரக் கிளிப்பில் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை, விலையும் குறைவு. அதையே வாங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் இக்கருவிகளை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் உயர்த்தப்பட்ட அபராத விகிதப்படி, கைபேசியில் பேசியபடி ஓட்டினால் முதல் முறை 1,000 ரூபாயும் மறுமுறை 10,000 ரூபாயும் கட்ட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, இக்குற்றத்துக்கு ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்குமாறு 2015லேயே மாநிலங்களை அறிவுறுத்தியது.

ஆக, புளூடூத் வழியாகப் பேசுகிறவரின் கைகள் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன. அபராதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது. ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறை கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பெரிதும் பாதுகாப்பானதன்று என்றும் சேர்த்தே சொல்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. கணக்கு விவரம் கேட்கும் மேலாளருக்குப் பதில் சொல்ல மனம் இரண்டு நொடி எங்கோ போனால், மேல்விஷாரத்தில் குறுக்கே வரும் இருசக்கர வண்டியைக் கண் பார்த்தும் மனம் வாங்காது.

பக்கத்தில் அமர்ந்து பேசுகிறவரும் கவனத்தைக் கலைக்கத்தானே செய்வார் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் தம்பி உடன் வரும்போது, பாலாற்றுப் பாலத்தின் அருகே லாரி ஒன்று தடம் மாறினால், பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, “அண்ணா, லாரி” என்பான். தொலைவிலிருந்து பேசுகிறவருக்குச் சாலை தெரியாது. அவர் கேள்வியை நிறுத்தமாட்டார், நாமும் பதிலை நிறுத்துவதில்லை. குரல் கட்டளையும் நம் பெயர்களைச் சில வேளை தவறாக வாங்கி வேறொருவரை அழைத்துவிடுவதால், சரிபார்க்கத் திரையைப் பார்க்க நேர்கிறது.

எனக்கு உண்மையாகப் பயன்பட்டது, காசு கொடுத்து வாங்காத ஒரு வசதி. காரின் புளூடூத் இணைந்தவுடன் ‘தொந்தரவு செய்யாதே’ நிலை தானே இயங்கும்படி என் கைபேசியில் அமைத்திருக்கிறேன். வரைபடத்தின் குரல் மட்டும் கேட்கும். அழைப்பு மணி ஒலிக்காது. வீட்டில் அவசரம் என்றால் என்ன செய்வது என்ற அச்சம் எல்லோருக்கும் வரும். அதற்கும் வழி இருக்கிறது: ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கும்படி அமைக்கலாம். அம்மாவுக்கு இதைச் சொல்லிவைத்திருக்கிறேன். அவசரமென்றால் உடனே மறுபடி அழைப்பார், இல்லையென்றால் காத்திருப்பார். அலுவலகத்தில் இது பழக்கமாகச் சில வாரங்கள் பிடித்தன. இப்போது நான் புறப்படும் நேரம் தெரிந்து அதற்கு முன்பே அழைத்துவிடுகிறார்கள்.

தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையே கைபேசியைச் செருகிப் பேசியபடி வேலூரின் கிரீன் சர்க்கிள் சந்திப்பைக் கடப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். இருசக்கர வண்டிக்கென விற்கும் புளூடூத் கருவியை அவர்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பேசுவதற்கு வண்டியை ஓரம் கட்டுவதே வழி. ஓரம் என்றால் நெடுஞ்சாலையின் விளிம்பு அன்று. அங்கே நிற்கும் வண்டியின் மீது பின்னால் வரும் வாகனம் மோதக்கூடும். ரத்தினகிரியைத் தாண்டியதும் ஏதேனும் ஒரு பெட்ரோல் பங்குக்குள்ளோ, சர்வீஸ் சாலையில் உள்ள டீக்கடை முன்போ வண்டியை நிறுத்தி, வந்த அழைப்புகளுக்கெல்லாம் அங்கிருந்தே திரும்ப அழைத்துப் பேசிவிட்டுத்தான் புறப்படுகிறேன்.