கொழும்புல இன்டர்னா, திருகோணமலையில இருந்து ஃப்ரீலான்ஸா? ஐரி வேலைய எங்க தொடங்குறது

ஏ.எல் ரிசல்ட் வந்தாலும் சரி, கம்பஸ் முடிச்சாலும் சரி, எங்கட ஊர்ப் பிள்ளைகள் ஐரி பக்கம் போக நினைச்சவுடன கேக்கிற கேள்வி இதுதான். அண்ணா, கொழும்புக்கு வெளிக்கிடுறதா இல்லாட்டி வீட்டிலயே லெப்டொப்ப வச்சுக்கொண்டு, ஒன்லைன்ல வெளிநாட்டு வேலை பிடிச்சுக் குடுக்கிற ஃபைவர், அப்வேர்க் எண்ட தளங்கள்ல ஃப்ரீலான்ஸா தொடங்குறதா? ரெண்டு வழியாலயும் போய் நல்லா இருக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. ஆனா கேக்கிற எல்லாரும் முதல்ல காசக் கணக்குப் பாக்கிறாங்க, அங்க இன்டர்னுக்கு எவ்வளவு குடுப்பான், இங்க டொலர்ல எவ்வளவு வரும் எண்டு. எனக்கு அதுல உடன்பாடில்ல. முதல் ரெண்டு வருசத்துக்கு ஒரு விசயத்தப் பாருங்க, நீங்க எழுதுற ப்ரோக்ராம் கோட்ட யாரு இருந்து வாசிக்கப் போறாங்க எண்டு.

கொழும்ப எடுப்பம். இன்டர்னுக்குக் குடுக்கிற காசு வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்குமே சரி, சில மாசம் வீட்ட இருந்தும் அனுப்ப வேண்டி வரும், அத மறைக்க ஏலாது. மீட்டிங் இங்கிலீசில நடக்கும், ரீ குடிக்கிற இடத்துல கதை சிங்களத்தில போகும், முதல் மாசம் வாய மூடிக்கொண்டு இருக்கிற மாதிரித்தான் இருக்கும். லீவுக்கு வாறதெண்டா இரவு மெயில் ரெயின்ல முழு ராத்திரியும் போயிடும். இவ்வளவையும் தாண்டி நான் ஏன் கொழும்பு எண்டு சொல்றன் எண்டா, ஒரு சின்ன உதாரணம் சொல்றன்.

ஒரு கடைக்கு வந்த ஓடர் எல்லாத்தையும் காட்டுற பக்கம் ஒண்டு செய்யச் சொல்றாங்க எண்டு வைங்க. நீங்க டேட்டாபேஸ்ல இருந்து எல்லா ஓடரையும் எடுத்து, பிறகு லூப்புக்குள்ள, அதாவது ஒரே வேலைய திருப்பித் திருப்பிச் செய்யிற துண்டுக்குள்ள, ஒவ்வொரு ஓடருக்கும் கஸ்டமர்ட பேர எடுக்க இன்னொரு குவெரி, டேட்டாபேஸ்ட கேக்கிற ஒரு கேள்வி, போடுறீங்க. உங்கட மெசின்ல இருக்கிறது இருபது ஓடர், கண் மூடித் திறக்க முதல் பக்கம் வந்திடும், எல்லாம் சரி எண்டு புல் ரிக்குவெஸ்ட் போடுறீங்க, அதாவது பாத்துச் சேருங்க எண்டு கோட்ட அனுப்புறீங்க. சீனியர் அந்த லூப் வரிக்குக் கீழ ஒரு கொமெண்ட் போடுவார், "ஐம்பதாயிரம் ஓடர் இருந்தா இதுல எத்தின குவெரி போகும்?" எண்டு. எண்ணிப் பாத்தா ஐம்பதாயிரத்து ஒண்டு, பக்கம் இழுபடும். ஓடரையும் கஸ்டமரையும் ஒண்டாச் சேர்த்து எடுக்கிற ஜொயின் போட்டு எழுதினா ஒண்டே ஒண்டு. அண்டைக்குப் பிறகு சாகிற வரைக்கும் அந்தப் பிழைய நீங்க விடமாட்டீங்க. இப்பிடி ஒரு நாளைக்கு நாலு கொமெண்ட் வரும், சிலது எரிச்சலாவும் இருக்கும், வேரியபிளுக்கு வச்ச பேர் சரியில்ல, டெஸ்ட் எங்க, ஏன் பாஸ்வேர்ட கோட்டுக்குள்ள எழுதி வச்சிருக்கிறீர் எண்டு. அதுதான் படிப்பு.

அதே பக்கத்த ஃபைவர்ல ஒரு வெள்ளைக்காரனுக்கு செய்து குடுங்க. அவன் திறந்து பாப்பான், பக்கம் வருது, பட்டன் வேல செய்யுது, அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போயிடுவான். உள்ளுக்க என்ன இருக்கு எண்டு அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. நீங்க அதே லூப்ப அடுத்த ப்ரொஜெக்டுக்கும் கொப்பி பண்ணுவீங்க, அதுக்கடுத்ததுக்கும். ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நல்ல கொம்பனி இன்டர்வியூல உக்காரேக்க, அனுபவம் ரெண்டு வருசம் எண்டு சிவியில இருக்கும், தெரிஞ்சது ஆறு மாசத்துக்குள்ளதான் இருக்கும். திறமையான பெடியங்களுக்கே இது நடக்குறதப் பாக்க உண்மையா மனசு கஷ்டமா இருக்கு.

காசுப் பக்கமும் வெளியில தெரியிற மாதிரி இல்ல. ஃபைவர் இருபது வீதம் எடுக்கும், நூறு டொலர் வேலைக்கு எண்பதுதான் கைக்கு. இவ்வளவு காலமும் இலங்கையில பேபால்ல காசு அனுப்பலாம், வாங்க ஏலாது எண்ட நிலைமை எண்டபடியால கனபேர் பேயோனியர் எண்ட காசு எடுக்கிற சேவை வழியாத்தான் எடுக்கிறாங்க, அதுலயும் கொஞ்சம் கழியும். 2025 ஏப்ரல்ல இருந்து இப்பிடி வெளிநாட்டுக்கு செய்து குடுக்கிற சேவைக்கு 15 வீதம் வரைக்கும் வரியும் இருக்கு, வருசத்துக்கு 18 லட்சம் வரைக்கும் கழிவு இருக்கிறபடியால தொடங்குற ஆக்களுக்கு அது பிரச்சினை இல்ல, ஆனா கணக்கு எழுதி வைக்கிற பழக்கம் முதல் நாளே வேணும். ஃப்ரீலான்ஸ்ல நல்லது ஒண்டு இருக்கு, அதையும் சொல்லோணும், ஆளோட இங்கிலீசில கதைச்சு வேலைய விளங்கிக்கொண்டு எத்தின நாள் எடுக்கும் எண்டு சொல்லப் பழகுவீங்க. கொம்பனி இன்டர்னுக்கு அது லேசுல கிடைக்காது.

படிப்பு எது எண்டு கேட்டா, சுருக்கமா. திருகோணமலை கோணேசபுரி கம்பஸ்ல கொம்பியூட்டர் சயன்ஸ் கிடைச்சா யோசிக்காமப் போங்க. யூனிவசிற்றிக்கு எடுக்கேக்க பின்தங்கின மாவட்டங்களுக்குக் குடுக்கிற கோட்டாவில திருகோணமலையும் இருக்கு, அத விடக்கூடாது. கிடைக்காட்டி கடன்பட்டு ப்ரைவேட் டிகிரிக்குப் போக முதல் கொழும்பு யூனிவசிற்றிட பிஐரி எண்ட தகவல் தொழில்நுட்ப வெளிவாரி டிகிரியப் பாருங்க, மூண்டு வருசம், முதல் வருசம் முடிய டிப்ளோமாவோட நிக்கலாம், ரெண்டாம் வருசம் முடிய ஹையர் டிப்ளோமா. ஏ.எல்ல மூண்டு பாஸ் இல்லாட்டியும் எஃப்ஐரி எண்ட அடிப்படைக் கோர்ஸ முடிச்சு உள்ளுக்கு வரலாம், இது கனபேருக்குத் தெரியாது. மொறட்டுவ யூனிவசிற்றி ஃப்ரீயா ஒன்லைன்ல விட்டிருக்கிற ஃபுல் ஸ்டக் டெவலப்பர் கோர்ஸ், வெப்சைட்ட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் செய்யப் பழக்கிறது, பைதன் எண்ட ப்ரோக்ராம் மொழியில இருந்து தொடங்குது, ஏ.எல் எழுதிட்டு ரிசல்ட்டப் பாத்துக்கொண்டு இருக்கிற மாசங்களுக்கு அதவிட நல்லது இல்ல. ஆனா இதுல எந்தச் சேர்ட்டிபிகேட்ட எடுத்தாலும் முதல் வேல எங்க எண்ட கேள்வி அப்பிடியேதான் நிக்கும்.

இனி போக ஏலாத ஆக்கள். அம்மாவத் தனிய விட ஏலாது, பொம்பிளப் பிள்ளைய கொழும்பில தனிய விட வீட்டில விடமாட்டாங்க, மூதூர் பக்கம் கனக்க வீட்டில இதுதான் நிலைமை. "தைரியமா வெளிக்கிடுங்க" எண்டு அவங்களுக்குச் சொல்றது லேசு, வீட்டில இருந்து பாக்கிறவைக்குத்தான் தெரியும். அவங்களுக்கு நான் ஃப்ரீலான்ஸ் சொல்லமாட்டன், ஓப்பன் சோர்ஸ்தான் சொல்லுவன், அதாவது யாரும் கோட்ட வாசிக்கலாம், திருத்தி அனுப்பலாம் எண்டு திறந்து விட்டிருக்கிற சொஃப்ட்வெயார், ஏனெண்டா வீட்டில இருந்துகொண்டே உங்கட கோட்ட வாசிக்கிற ஆள் கிடைக்கிற இடம் அது. புது ஆக்கள் ஓப்பன் சோர்ஸ் அமைப்புகளோட சேர்ந்து கோட் எழுதுறதுக்கு கூகிள் நடத்துற கூகிள் சமர் ஒஃப் கோட் 2005ல தொடங்கினது, மொறட்டுவப் பிள்ளைகள் கன வருசமா உலக அளவில முன்னுக்கு நிண்ட திட்டம் அது. 2022ல இருந்து கம்பஸ் மாணவரா இருக்கோணும் எண்ட கட்டாயமும் எடுத்துட்டாங்க, 18 வயசு தாண்டின புது ஆள் யாரும் விண்ணப்பம் போடலாம். தெரிவானா வழிகாட்ட ஒரு மென்டர் தருவாங்க, உதவித்தொகையும் வரும்.

பெப்ரவரியில பங்கெடுக்கிற அமைப்புகளின்ட லிஸ்ட் வரும், மார்ச் ஏப்ரல் அளவில விண்ணப்பம். லிஸ்ட் வந்த பிறகு தொடங்கினா பிந்திடும். போன வருச லிஸ்ட்ட இப்பவே எடுத்து, உங்களுக்குத் தெரிஞ்ச மொழியில எழுதின ப்ரொஜெக்ட் ஒண்டப் பிடிச்சு, புது ஆக்களுக்கு எண்டு குறிச்சு வச்சிருக்கிற சின்ன பிழை ஒண்டத் திருத்தி அனுப்புங்க, திருத்தச் சொல்லி கொமெண்ட் வந்தா திருத்தித் திரும்ப அனுப்புங்க. விண்ணப்பம் போடேக்க உங்கட பேர் அங்க ஏற்கனவே தெரிஞ்சிருக்கோணும்.